பீடூபீ முறையில் கிரிப்டோ விற்பது: கொட்டகலையிலிருந்து ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காணொளித் தொகுப்பு செய்து கொடுப்பது என் தொழில். கொட்டகலையில் வீட்டின் பின்னறையில் இருந்தபடி 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதை ஆரம்பித்தபோது, செய்த வேலைக்கான கூலி எப்படி நாட்டுக்குள் வந்து சேரும் என்பதே முதற் பிரச்சினையாக இருந்தது. பேபால் கணக்கின் மூலம் இலங்கையிலிருந்து பணம் செலுத்த முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. என் வாடிக்கையாளர்களில் இருவர் யூஎஸ்டிடி என்னும், அமெரிக்க டொலருக்கு நிகராகப் பெறுமதி வைக்கப்படும் மெய்நிகர் (கிரிப்டோ) நாணயத்தில் தருவதாகக் கூறினார்கள். அப்படிக் கிடைத்ததை ரூபாவாக மாற்றுவதற்காகவே, கிரிப்டோ பரிமாற்றகம் ஒன்றின் பீடூபீ சேவைக்குள், அதாவது இடையில் பரிமாற்றகம் நிற்க ஆளுக்கு ஆள் நேராக விற்று வாங்கும் பகுதிக்குள், நான் வந்தேன். இலாபம் தேடி நாணயம் வாங்கி வைப்பவன் நான் அல்லன்; ஒரு தடவைக்கு 100 முதல் 300 டொலர் வரை விற்பவன். இந்த மதிப்பீடும் அந்த அளவுக்குள் நின்றே எழுதப்படுகிறது.

நான் பாவிக்கும் பரிமாற்றகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உலகின் பெரிய பரிமாற்றகங்களில் பீடூபீ ஏறக்குறைய ஒரே விதமாகவே இயங்குகிறது என்பது ஒரு காரணம். இத்தகைய மதிப்பீடுகளின் அடியில் பெரும்பாலும் ஓர் அழைப்புக் குறியீடு இருக்கும், அதன் வழியாகச் சேருபவரின் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் எழுதியவருக்குப் பங்கு கிடைக்கும் என்பது மற்றக் காரணம். எனக்கு அந்தப் பங்கு வேண்டாம். பெயரைக் காட்டிலும் முறையை விளங்கிக் கொள்வதுதான் இங்கே ஒருவரின் காசைக் காப்பாற்றும் என்பதை, ஏழு வாரங்கள் என் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்த பின்னர் அறிந்து கொண்டேன்.

சேவை இயங்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்பவர் அல்லது வாங்குபவர் ஒரு விலையை இட்டு விளம்பரம் வைக்கிறார். மற்றவர் அதைத் தெரிவு செய்தவுடன், விற்பவரின் நாணயத்தை அவரும் தொட முடியாதபடி பரிமாற்றகம் பூட்டி வைக்கிறது. வாங்குபவர் விற்பவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்பிவிட்டு, பெரும்பாலும் 15 நிமிடங்களுக்குள், செலுத்திவிட்டதாகப் பொத்தானை அழுத்த வேண்டும். விற்பவர் தன் கணக்கில் பணம் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு நாணயத்தை விடுவிக்க வேண்டும். இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். பரிமாற்றகத்தின் ஊழியர் ஆவணங்களைப் பார்த்து முடிவு சொல்வார். வாங்குபவர் ஏமாற்றப்படாமல் இருப்பதற்கு இந்தப் பூட்டு உண்மையிலேயே சிறந்த ஏற்பாடு. நாணயம் பூட்டப்பட்ட பின்னரே அவர் காசை அனுப்புகிறார். விற்பவர் ஓடிவிட முடியாது.

ஆனால் அந்தப் பூட்டு நாணயத்துக்கு மட்டுமே உரியது. ரூபா, பரிமாற்றகத்தின் கண்ணுக்குத் தெரியாத வேறொரு பாதையில், இலங்கையின் வங்கிகளுக்கிடையே செல்கிறது. அது யாருடைய காசு, எப்படி வந்த காசு, நாளை யார் அதைத் திருப்பிக் கேட்பார் என்பதைப் பூட்டு அறியாது. இந்தச் சேவையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரு இடைவெளியைப் பற்றியதுதான்.

2024 ஜூலையில் ஒரு மாலை, ஏறக்குறைய 200 யூஎஸ்டிடி விற்பதற்கு விளம்பரம் வைத்திருந்தேன். ஒருவர் சரியாக 61,000 ரூபாவுக்கு ஓடர் போட்டார். ஐந்து நிமிடத்தில் காசு என் கணக்குக்கு வந்துவிட்டது. வங்கிச் செயலியில் பார்த்தபோது, அனுப்பியவரின் பெயர் ஒரு பெண்ணின் பெயராக இருந்தது. ஓடரில் இருந்ததோ ஓர் ஆணின் பெயர். கேட்டேன். தன்னுடைய அக்காவின் கணக்கு என்றும், தன் அட்டை தொலைந்துவிட்டது என்றும் அரட்டைப் பெட்டியில் பதில் வந்தது. குறிப்புப் பகுதியில் ‘ஃபோன்’ என்று ஒரு சொல் எழுதப்பட்டிருந்ததையும் கண்டேன். காசு வந்துவிட்டதே என்ற எண்ணத்தில் நாணயத்தை விடுவித்தேன்.

பத்தொன்பது நாட்களுக்குப் பின்னர் அட்டன் நகரத்தில் ஏ.டி.எம். என் அட்டைக்குக் காசு தர மறுத்தது. கிளைக்குச் சென்றபோது, கணக்கு இடைநிறுத்தப்பட்டிருப்பதாகவும், தென்பகுதியில் ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவாகியிருப்பதாகவும் சொன்னார்கள். எனது ஏழு மாத வருமானத்தில் மிஞ்சியதும், அம்மாவின் ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்து என் பெயரில் போட்டிருந்த தொகையும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்ததற்கு அவருக்குக் கிடைத்த அந்தக் காசு, நான் ஒரு பெயரைச் சரியாகப் பார்க்காததால் முடங்கியது.

நடந்தது இதுதான். யாரோ ஒருவன் இணையத்தில் ஒரு கைத்தொலைபேசியைக் குறைந்த விலைக்கு விற்பதாக விளம்பரம் போட்டிருக்கிறான். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அந்தப் பெண், தன் மகனின் படிப்புக்காக அதை வாங்க முன்வந்து கணக்கு இலக்கம் கேட்டிருக்கிறார். அதே வேளையில் அவன் என்னிடம் 61,000 ரூபாவுக்கு ஓடர் போட்டு, ஓடரில் தெரிந்த என் கணக்கு இலக்கத்தை எடுத்து அவருக்குக் கொடுத்திருக்கிறான். அவர் கைத்தொலைபேசிக்கென்று எனக்குக் காசு அனுப்பினார். நான் யூஎஸ்டிடியை அவனுக்கு விடுவித்தேன். அவன் எங்கள் இருவரில் எவரையும் நேரில் காணவில்லை. ஒரு ரூபாவைக்கூடத் தன் கையால் தொடவில்லை. பொலிஸாருக்குத் தெரிந்த ஒரே பெயர், பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் உரிமையாளரான என் பெயர்.

வாக்குமூலம் கொடுக்கச் சென்றபோது, ஓடர் இலக்கம், அரட்டை, வங்கிக் கூற்று ஆகிய எல்லாவற்றையும் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அவை என் மீதான சந்தேகத்தைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால் மூன்றாம் ஆளின் கணக்கிலிருந்து வந்த காசு என்று தெரிந்தே நான் ஏற்றுக்கொண்டதும் அதே அரட்டையில் இருந்தது. அந்தப் பெண்ணை அங்கே சந்தித்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் “மல்லி (தம்பி), என்னுடைய காசு எங்கே போனது என்று மட்டும் எனக்கு விளங்கப்படுத்து” என்றார். என் அரைகுறைச் சிங்களத்தில் அரைமணி நேரம் விளக்கினேன். பின்னர் 61,000 ரூபாவையும் வங்கியின் ஊடாகவே அவருடைய கணக்குக்குத் திருப்பி அனுப்புவதற்கு எழுத்தில் சம்மதம் கொடுத்தேன். யூஎஸ்டிடி எனக்குத் திரும்பி வரவில்லை. கணக்கு ஏழாவது வாரத்தில் விடுவிக்கப்பட்டது.

இந்த மோசடி பீடூபீ சேவையின் ஓட்டையால் மட்டும் நடந்ததன்று. வாங்குபவரின் பரிமாற்றகக் கணக்கிலுள்ள பெயரும் காசு அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பெரிய பரிமாற்றகங்கள் தம் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அந்த விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு, காசைப் பெறும் நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. நம் வங்கிகளுக்கிடையிலான பரிமாற்றத்தைப் பரிமாற்றகத்தால் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆகவே பெயரைப் பார்ப்பவர் நம்மைத் தவிர வேறொருவரும் இல்லை.

அதன் பின்னர் நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன். பெயர் ஓர் எழுத்து மாறினாலும், தந்தையின் பெயர் முன்னே பின்னே இருந்தாலும், தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி இருப்பதைக் காட்டுமாறு அரட்டையிலேயே கேட்பேன். முற்றிலும் வேறு பெயர் என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் நாணயத்தை விடுவிப்பதில்லை. அக்கா, மனைவி, கடை முதலாளி, நண்பன் என்று காரணங்கள் வரும். அவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். உண்மையானவருக்கு ஏற்படுவது சில மணி நேரத் தாமதம் மட்டுமே. அப்படி வந்த காசைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இந்த வேறு கணக்குக்குப் போடுங்கள்” என்று வாங்குபவர் சொல்வதைக் கேட்கக் கூடாது. எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். முதலில் மேன்முறையீட்டைத் திறந்து, பின்னர் வங்கியின் மூலம் அதைச் செய்வது நல்லது. வேறு கணக்குக்கு அனுப்பினால், ஏமாந்தவரின் காசை நம் கையாலேயே திருடனுக்குக் கொடுத்தவர்களாகிவிடுவோம். ஏமாந்தவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டி வரும்.

காசு வந்துவிட்டதற்கான சான்றாக எதை ஏற்பது என்பதிலும் நம் ஊரில் பலர் தவறுகிறார்கள். வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட் சான்று ஆகாது. அதைத் திருத்துவதற்குச் சில நிமிடங்கள் போதும். வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தியும் சான்று ஆகாது. வங்கிச் செயலியை நாமே திறந்து, மீதியும் பரிமாற்ற விபரமும் பார்த்த பின்னரே விடுவிக்க வேண்டும். செஃப்ட்ஸ் எனப்படும் உடனடிப் பரிமாற்ற முறை இரவு பகல் எந்நேரமும் சில நொடிகளில் வேலை செய்வதால்தான் பீடூபீ நம் நாட்டில் இவ்வளவு இலகுவாக நடக்கிறது. ஆனால் பழைய ஸ்லிப்ஸ் முறை தொகுதி தொகுதியாகத் தீர்க்கப்படுவது. “ஸ்லிப்ஸில் போட்டுவிட்டேன், இதோ பற்றுச்சீட்டு, விடுவியுங்கள்” என்று ஒருவர் அவசரப்படுத்தினால், காசு உண்மையில் வந்து சேரும்வரை காத்திருப்பதே வழி. காசோலையை வைப்பிட்டுவிட்டு அதைக் காசு என்று காட்டுவோரும் உண்டு. அது மீதியில் தெரிந்தாலும், தீர்வாகும் வரை எடுக்கக்கூடிய காசு ஆகாது. இந்த வேறுபாட்டைத் தெரியாத பலரை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பழக்கம், பீடூபீக்கு என்றே ஒரு தனிக் கணக்கு வைத்திருப்பது. விற்ற காசு அதில் வரும். ஓரிரு நாட்களில் அதை வேண்டிய தேவைகளுக்கு எடுத்துவிடுவேன். அந்தக் கணக்கு முடங்கினாலும் வீட்டுச் சேமிப்பு முடங்காது. வங்கிக்கு மறைப்பதற்காக இதைச் செய்யவில்லை. கிளையில் கேட்டபோது, எங்கிருந்து வரும் காசு என்பதை உள்ளபடி சொன்னேன். பரிமாற்றக் குறிப்பில் பொய்யான காரணம் எழுதச் சொல்லும் வணிகர்களோடு நான் கொடுக்கல் வாங்கல் செய்வதில்லை. ‘கடன் திருப்பம்’, ‘மரக்கறி’ என்று எழுதச் சொல்பவர், நாளை விசாரணை வந்தால் அந்தப் பொய்யை உங்கள் தலையில் விட்டுப் போவார்.

வாங்குபவராக இதைப் பாவிப்போருக்கு மலைநாட்டில் ஒரு தனி இடர் இருக்கிறது. பதினைந்து நிமிட எல்லை கொழும்பில் போதுமானது. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மழை இறங்கி அலைவரிசை விட்டுவிட்டு வரும் மாலையில், அது போதாமற் போகலாம். காசை அனுப்பிய பின்னர், செலுத்திவிட்டதாகப் பொத்தானை அழுத்துவதற்குள் இணைப்பு அறுந்து நேரம் முடிந்துவிட்டால், ஓடர் தானாக ரத்தாகும். பூட்டப்பட்ட நாணயம் விற்பவருக்குத் திரும்பும். உங்கள் ரூபா அவருடைய கணக்கில் கிடக்கும். அவர் நேர்மையானவராக இருந்தால் பிரச்சினை இல்லை. எனவே இணைப்பு நிலையாக இருக்கும் இடத்தில் இருந்து, நேர எல்லை கூடுதலாகக் கொடுத்திருக்கும் விளம்பரத்தைத் தெரிவு செய்து, காசு அனுப்பியவுடன் வேறெதையும் செய்யாமல் முதலில் அந்தப் பொத்தானை அழுத்துவது முக்கியம். காசு அனுப்பிய பின்னர் விற்பவர் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் ஓடரை ரத்துச் செய்யக் கூடாது. அரட்டையை விட்டு வட்ஸ்அப்புக்கு வருமாறு அழைத்தாலும் போகக் கூடாது. வெளியே பேசியதைக் கொண்டு மேன்முறையீட்டில் எதையும் நிறுவுவது கடினம்.

விளம்பரம் வைத்தவரின் பெயருக்குக் கீழே அவர் முடித்த ஓடர்களின் எண்ணிக்கையும், நிறைவு சதவீதமும் காட்டப்படுகின்றன. இவை பயனுள்ளவைதான், ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. சந்தை விலையைவிட நான்கைந்து ரூபா கூடுதலாகத் தருவதாகச் சொல்லும், கணக்குத் திறந்து சில வாரங்களே ஆன ஒருவரைக் காட்டிலும், ஆயிரக்கணக்கான ஓடர்களை முடித்து, ஒரு ரூபா குறைவாகத் தருபவரைத் தெரிவு செய்வதே என் வழக்கம். 200 டொலருக்கு 1,000 முதல் 1,200 ரூபா வரைதான் வித்தியாசம். அந்தத் தொகைக்காக ஏழு வாரங்களை மீண்டும் இழக்க நான் தயாராக இல்லை.

சட்டத்தின் நிலையையும் இந்த மதிப்பீட்டில் சேர்த்தே பார்க்க வேண்டும். இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மெய்நிகர் நாணயங்களின் இடர்கள் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவித்தல்கள் விடுத்திருக்கிறது. எந்தவொரு பரிமாற்றகத்துக்கோ நிறுவனத்துக்கோ தான் உரிமம் வழங்கவில்லை என்பதை 2022 ஜூலை அறிவித்தலில் அது தெளிவாகச் சொன்னது. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வெளியான 3ஆம் இலக்கப் பணிப்புரையின்படி, வரவட்டை, கடனட்டை போன்றவற்றை மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்குப் பாவிப்பதற்கு அனுமதி இல்லை. பரிமாற்றகச் செயலியில் ‘அட்டை மூலம் வாங்கு’ என்று பொத்தான் இருக்கிறது என்பதற்காக, இலங்கை வங்கி தந்த அட்டையின் இலக்கத்தை அதில் இடக் கூடாது. வங்கி ஒன்று முறிந்தால் வைப்புக் காப்புறுதியின் கீழ் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை கிடைக்க இடமிருக்கிறது. பரிமாற்றகம் முறிந்தால் அப்படி ஒன்றும் இல்லை. எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் முறிவு கோரி விண்ணப்பித்தபோது, உலகின் மிகப் பெரிய பரிமாற்றகங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட அதில் காசு வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. விற்று முடித்த பின்னர் பரிமாற்றகத்தில் மீதி எதையும் நான் விட்டு வைப்பதில்லை.

இதே சேவையை நகரத்தில் ஆள் மூலமாகவும் பெறலாம். எங்கள் பக்கத்து நகரம் ஒன்றில், கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கு மேல்மாடியில் ஒருவர் இருந்தார். யூஎஸ்டிடியை அனுப்பினால் ரொக்கமாகத் தருவார். 2023இல் மூன்று தடவைகள் அவரிடம் மாற்றினேன். டொலருக்கு ஐந்தாறு ரூபா குறைவு. ஆனால் காசு உடனே கையில். அவரிடம் நான் கண்ட முதற் குறை, பூட்டு இல்லாமை. நாணயத்தை முதலில் அனுப்ப வேண்டும்; அது போனபின் அவர் தருவதை நம்பியிருக்க வேண்டும். இரண்டாவது குறைதான் என்னை அங்கிருந்து விலக்கியது. மூன்றாம் தடவை சென்றபோது, காசை எடுக்காமல் தன்னிடமே விட்டு வைத்தால் நாளொன்றுக்கு இரண்டு சதவீதம் தருவதாகவும், இருவரைச் சேர்த்துவிட்டால் மேலும் கூடும் என்றும் சொன்னார்.

நாளுக்கு இரண்டு சதவீதம் என்பதைச் சற்று இருந்து கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இலாபத்தையும் எடுக்காமல் விட்டால், ஒரு இலட்சம் ரூபா 365 நாளில் ஏறக்குறைய 1,377 மடங்காக, அதாவது 13 கோடி 77 இலட்சம் ரூபாவாக ஆக வேண்டும். அப்படி ஒரு தொழில் உலகில் இருந்தால், அதை வைத்திருப்பவர் எங்கள் லயத்துப் பெண்களின் சீட்டுக் காசைத் தேடி மலையேறி வரமாட்டார். இதை நான் சொன்னபோது கடையில் இருந்தவர் சிரித்தார். ஆனால் அதே மாடிப்படியில் கைப்பையோடு ஏறி வந்த இரண்டு அம்மாக்களை அன்று என்னால் தடுக்க முடியவில்லை என்பது இன்றும் மனதை அறுக்கிறது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அதில் மிச்சம் பிடித்து ஒரு இலட்சம் சேர்ப்பதற்கு எத்தனை நாள் பெரட்டுக் களத்தில் (தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் இடத்தில்) நிற்க வேண்டும் என்று அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

எம்டிஎஃப்ஈ என்னும் செயலி 2023 ஓகஸ்டில் சரிந்தபோது இலங்கையிலும் பலர் காசை இழந்தார்கள். செயற்கை நுண்ணறிவு நமக்காக வர்த்தகம் செய்கிறது என்று சொல்லி, திரையில் நாள்தோறும் வளரும் எண்களைக் காட்டி, ஆட்களைச் சேர்ப்பவருக்குப் பங்கு கொடுத்து வளர்ந்த திட்டம் அது. வங்கித்தொழில் சட்டத்தின் 83 சி பிரிவின் கீழ், இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவது மட்டுமன்றி, அவற்றில் மற்றவரைச் சேர்ப்பதும்கூடக் குற்றமாகும். மத்திய வங்கி வெளியிட்ட தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் எம்டிஎஃப்ஈயும் இருக்கிறது. மலைநாட்டில் இது பரவும் விதம் தனியானது. சீட்டுப் பிடிப்பவர், கோயில் திருவிழாக் குழுவில் இருப்பவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மாஸ்டர் என்று, பல ஆண்டு நேர்மையால் பெயர் எடுத்தவர்களே முதலில் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களுக்கு முதல் இரண்டு மாதம் காசு வருகிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை. தமக்கு வந்ததைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் ஊர் நம்புகிறது.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வேலையில்லாத இளைஞர்களிடம், வங்கிக் கணக்கையோ பரிமாற்றகத்தில் உறுதிப்படுத்திய கணக்கையோ ‘வாடகைக்கு’த் தருமாறு சிலர் கேட்டிருக்கிறார்கள். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்தால் மாதம் ஒரு தொகை என்பார்கள். என்னிடம் 61,000 ரூபாவுக்கு ஓடர் போட்ட ஆணின் பெயரும் அப்படிக் கொடுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று விசாரித்த அதிகாரி கருதினார். அந்தப் பெயருக்குரியவர் எங்கோ ஓர் ஊரில் சில ஆயிரம் ரூபாவுக்காகத் தன் அடையாளத்தைக் கொடுத்த ஒரு பையனாக இருக்கலாம். காசு தூய்தாக்கலைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் முன் முதலில் நிற்க வேண்டியவர் அவர்தான். உங்கள் வீட்டில் பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளை இருந்தால் இதை இன்றே சொல்லி வையுங்கள்.

நாணயத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும்போது நேரும் தவறுகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். யூஎஸ்டிடி டிரொன், எதேரியம் போன்ற பல வலையமைப்புகளில் இருக்கிறது. டிரொன் முகவரி ஆங்கில டீ எழுத்தில் தொடங்கும், எதேரியம் முகவரி பூச்சியமும் எக்ஸும் கொண்டு தொடங்கும். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே வலையமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், நாணயத்தை மீட்பது மிகக் கடினம். முன்பு அனுப்பிய பட்டியலிலிருந்து முகவரியைப் பிரதி எடுக்கும் பழக்கமும் ஆபத்தானது. முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே இருக்கும் ஒரு போலி முகவரியிலிருந்து மிகச் சிறிய தொகையை அனுப்பி, அதை உங்கள் பட்டியலில் விதைத்து வைப்பார்கள். 2024 மே மாதம் ஒருவர் இவ்வாறு ஏறக்குறைய 68 மில்லியன் டொலர் பெறுமதியான நாணயத்தைத் தவறான முகவரிக்கு அனுப்பினார். பின்னர் அது பெரும்பாலும் திரும்பக் கிடைத்தது. நமக்கு அப்படித் திரும்பாது. ஆகவே முகவரியின் நடுப்பகுதியையும் வாசித்து, முதலில் ஐந்து டொலர் அனுப்பி, அது சேர்ந்ததை உறுதி செய்த பின்னரே மிகுதியை அனுப்புகிறேன். நாணயத்தை நாமே வைத்திருக்கும் தனிப் பணப்பைச் செயலியைத் திறக்கும் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை எந்த ‘உதவி மைய ஊழியர்’ கேட்டாலும் கொடுக்கக் கூடாது. உண்மையான ஊழியர் எவரும் அவற்றைக் கேட்பதில்லை.

ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் வெட்கப்பட்டுக் காத்திருப்பதே பெரிய இழப்பு. முதல் மணி நேரத்திலேயே வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து, போய்ச் சேர்ந்த கணக்கை இடைநிறுத்தக் கேட்க வேண்டும். அதன் பின்னர் பொலிஸ் முறைப்பாடு. இணைய மோசடி என்றால் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101 இலக்கம். நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. போன நாணயத்தை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்டு டெலிகிராமில் வருபவர், ஏற்கெனவே ஏமாந்தவரைத் தேடி வரும் இரண்டாவது திருடன் என்று வைத்துக் கொள்ளலாம்.

சேவையைப் பற்றிய என் தீர்ப்பு இது. நாணயத்தைப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டுக்கும், விலைக்கும், வேகத்துக்கும் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ரூபாப் பக்கத்தின் பாதுகாப்புக்குக் கொடுக்க மாட்டேன். பெயரைப் பார்க்கவும், “முடியாது” என்று சொல்லவும், ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்கவும் முடிந்தவருக்கு, சிறு தொகைக்கு இது உதவும். அவசரத் தேவைக்கு, வட்டிக்கு வாங்கிய காசுக்கு, அல்லது வீட்டுச் சேமிப்பு இருக்கும் ஒரே கணக்கைக் கொண்டு இதைச் செய்ய நினைப்பவருக்கு நான் பரிந்துரைக்கவில்லை. என் பெரிய வாடிக்கையாளர் ஒருவரை, வங்கியில் திறந்த தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு நேரடியாக அனுப்புமாறு கேட்டு மாற்றிக் கொண்டேன். கட்டணம் கூடுதல், மூன்று நாள் பிடிக்கும், ஆனால் யார் அனுப்பிய காசு என்பதில் ஐயம் இல்லை.

சென்ற மாதம் மீண்டும் ஒரு ஓடருக்கு வேறொரு பெயரில் 38,000 ரூபா வந்தது. குறிப்பில் ஒன்றும் எழுதப்படவில்லை. மைத்துனரின் கணக்கு என்றார், பின்னர் கோபித்தார், பின்னர் குறைந்த தரமதிப்பு இடுவதாக மிரட்டினார். மேன்முறையீட்டைத் திறந்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அட்டனுக்குச் சென்று, வந்த கணக்குக்கே காசைத் திருப்பி அனுப்புமாறு கிளையில் எழுதிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டை அரட்டையில் இணைத்தபோது, அந்த வாங்குபவர் பதில் எழுதவில்லை. இரண்டு நாளில் ஓடர் ரத்தாகி நாணயம் எனக்கே திரும்பியது.